கோனி ஐலண்டுக்கு சப்வேயில் ஒரு நாள்: எந்த ரயில், எங்கே இறங்குவது, எதற்கு எங்கே சீட்டு

கேள்வி இது: ஜூலையில் நியூயார்க் வரும் அப்பா அம்மாவையும் ஒன்பது வயது மகளையும் கார் இல்லாமல் கோனி ஐலண்டுக்கு ஒரு நாள் கூட்டிப்போய் வர முடியுமா? முடியும் என்றால் அந்த ஒரு நாளை எப்படிப் பிரிப்பது?

முடியும். கார் இருந்தாலும் வீட்டில் விட்டுவிட்டுப் போகவேண்டிய இடம் அது. கோடை ஞாயிறுகளில் வண்டி நிறுத்த இடம் தேடியே பாதிப் பொழுது போய்விடும். ரயிலோ கடலுக்கு இரண்டு தெரு தள்ளி இறக்கிவிடுகிறது.

திட்டம் போடுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், கடலோரத்தில் இருக்கும் கோனி ஐலண்ட் ஒரு தீம் பார்க் அல்ல. சுற்றுச்சுவரும் இல்லை, நுழைவுச் சீட்டும் இல்லை. சர்ஃப் அவென்யூ என்ற தெருவுக்கும் கடலுக்கும் நடுவே வெவ்வேறு உரிமையாளர்களின் ராட்டினங்கள், பொதுக் கடற்கரை, மீன் காட்சியகம், பேஸ்பால் மைதானம் எல்லாம் அடுத்தடுத்து இருக்கின்றன. அவரவர் கல்லா அவரவருக்கு. ஒரே சீட்டில் எல்லாம் அடங்கும் என்று நினைத்துப் போகிறவர்கள்தான் கசந்துபோய்த் திரும்புகிறார்கள்.

முதலில் ரயில், அதாவது நியூயார்க்கின் நகர ரயிலான சப்வே. டி (D), எஃப் (F), என் (N), க்யூ (Q) ஆகிய நான்கு வழித்தடங்களும் கோனி ஐலண்ட் ஸ்டில்வெல் அவென்யூ நிலையத்தில் முடிகின்றன. கடைசி நிலையம் என்பதால் தவறவிட வழியே இல்லை. மிட்டவுன் மன்ஹாட்டனிலிருந்து சுமார் ஒரு மணி நேரம். எஃப் மட்டும் அதைவிடக் கொஞ்சம் இழுக்கும்.

முதல் முறை போகிறவர்களுக்கு மஞ்சள் நிற க்யூதான் சரி. டைம்ஸ் ஸ்கொயர், ஹெரால்ட் ஸ்கொயர், யூனியன் ஸ்கொயர், கனால் ஸ்ட்ரீட் எங்கே வேண்டுமானாலும் ஏறலாம். கனால் ஸ்ட்ரீட்டைத் தாண்டியதும் ரயில் மன்ஹாட்டன் பாலத்தின் மேல் ஏறுகிறது. க்யூ, என் இரண்டும் பாலத்தின் தென்பக்கத் தண்டவாளத்தில் போவதால், ரயில் போகும் திசையில் வலப்பக்க ஜன்னலில் புரூக்ளின் பாலமும் துறைமுகமும் தெரியும். டி ரயிலும் இதே பாலத்தில்தான் போகிறது, ஆனால் வடபக்கமாக. அங்கிருந்து புரூக்ளின் பாலம் சரியாகத் தெரியாது. எஃப் ஆற்றுக்கு அடியில் சுரங்கத்தில் போய்விடும். அதற்கு ஈடாக எஃப்பில் ஒன்று உண்டு: கோவானஸ் கால்வாய்க்கு மேலே சுமார் 27 மீட்டர் உயரத்தில் நிற்கும் ஸ்மித் நைன்த் ஸ்ட்ரீட்ஸ் நிலையம். ரயில் பிரியர்கள் வேண்டுமானால் திரும்பும்போது அதில் வரலாம். முழங்கால் வலியுள்ள பெரியவர்களுக்காக நேரத்தை மிச்சம் பிடிக்க நினைக்கிறவர்களுக்கு அது வேண்டாம்.

கட்டணம் தூரத்தைப் பொறுத்ததல்ல. 2026 ஜனவரி முதல் ஒரு பயணத்துக்கு 3 டாலர். அடுத்த நிலையத்துக்கும் அதேதான், கோனி ஐலண்டுக்கும் அதேதான். இறங்கும்போது மறுபடி தட்ட வேண்டியதில்லை. மெட்ரோகார்டு என்ற பழைய பயண அட்டையின் விற்பனை 2025 கடைசியோடு நின்றுவிட்டது. இப்போது ஓம்னி என்ற தட்டிச் செலுத்தும் முறை: கைபேசி, வங்கி அட்டை, அல்லது நிலைய இயந்திரத்தில் கிடைக்கும் ஓம்னி அட்டை. ஒரே அட்டையால் 7 நாளில் 35 டாலர் செலவழித்துவிட்டால் அந்த ஏழு நாளில் மிச்சப் பயணங்களுக்குக் காசு இல்லை. ஆகவே ஒவ்வொருவருக்கும் தனி அட்டை, நாள்தோறும் அதே அட்டை. ஒரே அட்டையை நான்கு பேருக்கும் தட்டினால் கதவு திறக்கும், ஆனால் வரம்புக் கணக்கில் ஒருவருடைய பயணம் மட்டுமே சேரும். 44 அங்குலத்துக்குக் குறைவான குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. ஒன்பது வயது மகளுக்கு அது பொருந்தாது.

இந்திய வங்கி அட்டையோடு வருகிறவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. ரிசர்வ் வங்கி விதிப்படி வெளிநாட்டுப் பயன்பாடும் தட்டிச் செலுத்தும் வசதியும் நீங்களாக இயக்கினால்தான் வேலை செய்யும். விமானம் ஏறுமுன் வங்கிச் செயலியில் இரண்டையும் திறந்துவையுங்கள். தடுப்புக் கதவில் சிவப்பு விளக்கு எரிந்து பின்னால் வரிசை முனகும்போது, பெரும்பாலும் அட்டையில் கோளாறு இருக்காது. இந்த அமைப்பு மூடியிருக்கும்.

சில நிலையங்களில் வடக்கே போகும் ரயிலுக்கு ஒரு வாசல், தெற்கே போவதற்கு எதிர்ச்சாரியில் இன்னொரு வாசல். தவறான பக்கம் தட்டி உள்ளே போய்விட்டால், வெளியே வந்து மறுபடி 3 டாலர் கொடுக்க நேரலாம். படி இறங்குமுன் 'டவுன்டவுன் அண்ட் புரூக்ளின்' என்று பலகையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

வார இறுதிப் பராமரிப்பு வேலைதான் உண்மையான வில்லன். சனி ஞாயிறுகளில் ஏதாவது ஒரு வழித்தடம் பாதியில் நிறுத்தப்பட்டு அதற்குப் பதில் பேருந்து விடுவார்கள். அல்லது ரயிலை வேறு தடத்தில் திருப்பிவிடுவார்கள். முந்தின இரவே, சப்வேயை நடத்தும் எம்டிஏவின் செயலியில் நான்கு வழித்தடங்களையும் பாருங்கள். க்யூ இல்லையென்றால் டி இருக்கும், டி இல்லையென்றால் 'என்' (N) இருக்கும். பேருந்து மாறி ஏறும் வழியைக் கையில் எடுக்காதீர்கள். பெரியவர்களோடு போகும்போது அது ஒரு மணி நேரத்தைத் தின்றுவிடும்.

எங்கே இறங்குவது? நடக்கத் தயங்காதவர்களாக இருந்தால் ஸ்டில்வெல்லுக்கு முன்பே, பிரைட்டன் பீச்சில் இறங்குங்கள். வார நாட்களில் பி (B) எக்ஸ்பிரஸும் அதுவரை வரும். க்யூவைவிடக் குறைவான இடங்களில்தான் நிற்கும். பிரைட்டன் பீச் ரஷ்ய மொழி பேசுகிறவர்களின் பேட்டை. சோவியத் நாட்டிலிருந்து, குறிப்பாக ஒடெசாவிலிருந்து, 1970-களில் வந்து குடியேறிய யூதர்கள் வளர்த்தது. கடைப் பலகைகள் சிரிலிக் எழுத்தில் இருக்கும். மேலே ரயில் தடதடக்கும், கீழே பழக்கடை, ரொட்டிக்கடை, ஊறுகாய்க்கடை. சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு அன்றைய நாளின் நல்ல சாப்பாடு இங்கேதான் கிடைக்கும்: உருளைக்கிழங்கோ முட்டைக்கோசோ வைத்த பன்னான பிரோஷ்கி, கொழுக்கட்டை போன்ற உருளைக்கிழங்கு வரேனிகி, ஜார்ஜியப் பாலாடைக்கட்டி ரொட்டியான கச்சாபுரி. கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பிரோஷ்கி எல்லாம் பார்வைக்கு ஒரே மாதிரிதான் இருக்கும், பாதியில் இறைச்சி. கைகாட்டி வாங்காமல் கேட்டு வாங்குங்கள். வரேனிகியின் மேல் சில இடங்களில் பன்றிக் கொழுப்புத் துண்டுகளை வதக்கிப் போடுவார்கள். அதையும் கேளுங்கள்.

அங்கிருந்து இரண்டு தெரு தெற்கே நடந்தால் போர்ட்வாக் என்ற கடலோர மரப்பலகை நடைபாதை. 1923-ல் திறந்தது, அப்போதைய புரூக்ளின் தலைவர் எட்வர்ட் ரீகல்மன் பெயரில். 2.7 மைல் நீளம், 80 அடி அகலம். மேற்கு நோக்கி சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடந்தால் ராட்டினங்கள். காலையில் இந்தத் திசையில் நடந்தால் வெயில் முகத்தில் அடிக்காது. பெஞ்சுகள் நிறைய உண்டு, நிழல்தான் குறைவு. வெறுங்காலோடு நடக்க வேண்டாம். பழைய பலகையில் சிம்பு ஏறும், ஆணித் தலையும் அங்கங்கே துருத்திக்கொண்டிருக்கும்.

நடக்க முடியாதவர்களுக்கும் சக்கர நாற்காலிக்கும் ஸ்டில்வெல்தான் வழி. அங்கே நடைமேடையிலிருந்து தெரு வரை சாய்வுதளம் இருக்கிறது. இன்றுள்ள கட்டடம் 2000-களின் முதல் பாதியில் புதுப்பிக்கப்பட்டது. எட்டுத் தண்டவாளங்களுக்கும் மேலே இருக்கும் கண்ணாடிக் கூரையில் சூரிய மின்தகடுகள் பதித்திருக்கிறார்கள். க்யூவில் ஸ்டில்வெல் வரை போகிறவர்கள் பிரைட்டன் பீச் தாண்டியதும் இடப்பக்கம் பாருங்கள்: கடல், சைக்ளோன் என்ற ரோலர் கோஸ்டர், ராட்சத ராட்டினம் எல்லாம் வரிசையாக வரும்.

இந்த ஊரை இப்படி ஆக்கியதே ரயில்தான். 1920 வாக்கில் சப்வே இங்கே வந்து சேர்ந்தபோது கட்டணம் 5 சென்ட். அதற்குமுன் வசதியுள்ளவர்களின் ஹோட்டல்களும் குதிரைப் பந்தயமும் இருந்த கடற்கரைக்கு, அந்த ஒரு நிக்கல் காசில் நகரத்தின் தொழிலாளிக் குடும்பங்கள் எல்லாம் வந்து இறங்கின. கோடை ஞாயிறில் பத்து லட்சம் பேர் வந்தார்கள் என்று அக்காலப் பத்திரிகைகள் எழுதின. ஹாட் டாக்கும் 5 சென்ட், பல சவாரிகளும் 5 சென்ட். இங்கே எல்லாமே கொஞ்சம் மலிவாக, கொஞ்சம் உரக்க இருப்பதற்குக் காரணம் அதுதான். பளபளப்பை எதிர்பார்க்கிறவர்களுக்கு இது ஏற்ற இடம் அல்ல.

இனி சவாரிகள். பெரியதாக இரண்டு நிர்வாகங்கள்: லூனா பார்க், டீனோஸ் ஒண்டர் வீல். இரண்டும் அண்டை அயலில் இருப்பதால் ஒன்றில் வாங்கிய சீட்டு மற்றதிலும் செல்லும் என்று நினைக்கத் தோன்றும். செல்லாது. லூனா பார்க்கில் மணிக்கட்டில் கட்டும், குறிப்பிட்ட நேரத்துக்கான கைப்பட்டையோ தனிச் சவாரிக்கான கட்டணமோ வாங்கலாம். எந்தக் கைப்பட்டையில் சைக்ளோன் சேர்த்தி, எதில் இல்லை என்பது பருவத்துக்குப் பருவம் மாறும். வாங்குமுன் அந்த வரியைப் படியுங்கள். மகள் ஒருத்திதான் ஏறுவாள், பெரியவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள் என்றால் கைப்பட்டை அவளுக்கு மட்டும் போதும். வேடிக்கை பார்க்கக் காசு இல்லை.

சைக்ளோன் 1927 ஜூன் 26-ல் ஓடத் தொடங்கியது. தாங்கி நிற்கும் சட்டம் இரும்பு, தடம் மரம். 85 அடி உயரம், முதல் இறக்கம் ஏறக்குறைய 60 பாகை சரிவு, உச்ச வேகம் மணிக்கு 60 மைல், மொத்தம் 2 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1884-ல் லாமார்கஸ் தாம்ப்ஸன் அமெரிக்காவின் முதல் ரோலர் கோஸ்டர்களில் ஒன்றை, மணிக்கு 6 மைல் வேகத்தில், ஓட்டியதும் இதே மூலையில்தான். சைக்ளோனில் ஏறக் குறைந்தபட்ச உயரம் 54 அங்குலம், அதாவது 137 செ.மீ. ஒன்பது வயதில் பல குழந்தைகள் அந்தக் கோட்டுக்கு ஒன்றிரண்டு விரல் கீழேதான் இருப்பார்கள். வீட்டிலேயே செருப்பில்லாமல் அளந்துவிட்டு, ஏற முடியுமா முடியாதா என்பதை அங்கேயே சொல்லிவிடுங்கள். வரிசையின் முனையில் அழுகையைச் சமாளிப்பதைவிட அது சுலபம்.

மரத் தடம் ஒவ்வொரு வளைவிலும் ஆளை உலுக்கும். கழுத்து, முதுகு வலி உள்ளவர்கள் ஏறவே கூடாது. கடைசிப் பெட்டியில் உட்கார்ந்தால் முன்பெட்டிகளின் எடை உச்சியிலிருந்து வெடுக்கென்று இழுப்பதால் உடம்பு இருக்கையைவிட்டு எழும்பும். முதல் பெட்டியில் அந்த இழுப்பு குறைவு, கீழே தெரியும் பள்ளம்தான் பயம். முதல் தடவைக்கு நடுப் பெட்டி. கண்ணாடி, தொப்பி, கைபேசி எதுவும் கையிலோ முகத்திலோ வேண்டாம். மழை, மின்னல், பலத்த காற்று வந்தால் நிறுத்திவிடுவார்கள். 2024 ஆகஸ்டில் ஏற்றச் சங்கிலியின் பல்சக்கரத்தில் கோளாறு கண்டு சில வாரம் மூடியும் வைத்தார்கள். நூறு வயதை நெருங்கும் இயந்திரம். கிளம்பும் அன்று காலை ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ராட்சத ராட்டினமான ஒண்டர் வீல் 1920-ல் வந்தது, 150 அடி உயரம், 24 கூண்டுகள். இதில் 8 கூண்டுகள் மட்டுமே சாதாரண ராட்டினம்போல விளிம்பில் நிலையாக இருக்கும். மற்ற 16-ம் உள்ளே வளைந்த தண்டவாளத்தில் சறுக்கும்: சக்கரம் சுற்றச் சுற்ற, கூண்டு திடீரென்று நடுவை நோக்கி ஓடி, நின்று, ஊஞ்சலாடும். இரண்டுக்கும் தனித்தனி வரிசை, அதைக் கவனிக்காமல் அம்மாவை ஆடும் வரிசையில் நிறுத்திவிட்டால் அன்று முழுக்க வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். நிலையான கூண்டு என்று கேட்டு நில்லுங்கள். கடலும், தூரத்தில் மன்ஹாட்டனும் தெரியும். பெரியவர்களுக்கு இந்த ஊரில் காசு கொடுத்து ஏறத் தகுந்த ஒரே சவாரி இதுதான் என்பேன். ஆளுக்கு 10 டாலருக்குக் குறையாமல் எடுத்துவையுங்கள்.

மேற்கே சிவப்பாக நிற்கும் 250 அடிக் கோபுரம் பாரசூட் ஜம்ப். 1939 உலகக் கண்காட்சிக்குக் கட்டி, 1941-ல் இங்கே கொண்டுவந்து நட்டார்கள். 1960-களிலிருந்து ஓடவில்லை, இரவில் விளக்கு எரிவதைப் பார்க்கலாம், அவ்வளவே. அதன் அருகில் கண்ணாடி மண்டபத்துக்குள் இருக்கும் குடை ராட்டினம் பலர் தவறவிடுவது. நூறாண்டு பழைய, கையால் செதுக்கிய மரக்குதிரைகள். தனியாருக்கு விற்றுத் துண்டுதுண்டாகப் போகவிருந்ததை 2005-ல் நகராட்சி வாங்கிச் செப்பனிட்டு, 2013-ல் திரும்ப நிறுத்தியது. அங்கே மகளோடு தாத்தா பாட்டியும் ஏறலாம்.

இங்கே முன்பு இருந்த மூன்று கேளிக்கைப் பூங்காக்களும் எங்கே இருந்தன என்பது தெரிந்தால் நடை சுவாரசியமாகும். ஸ்டீபிள்சேஸ் (1897) இருந்த இடத்தில் இப்போது பேஸ்பால் மைதானம். 1907-ல் அது எரிந்தபோது உரிமையாளர் ஜார்ஜ் டில்யூ மறுநாளே, எரிந்த மிச்சத்தைப் பார்க்க 10 சென்ட் என்று பலகை வைத்தார். ட்ரீம்லேண்ட் (1904) நின்ற இடம் மீன் காட்சியகம். 1911 மே மாதம், அந்த ஆண்டுப் பருவம் தொடங்கும் நாளின் விடியலுக்கு முன், 'நரக வாசல்' என்ற சவாரியில் பழுதுபார்த்துக்கொண்டிருந்தபோது பற்றிய தீ முழுவதையும் கொண்டுபோனது. முதல் லூனா பார்க் (1903) சர்ஃப் அவென்யூவுக்கு வடக்கே, இன்று அடுக்குமாடிக் குடியிருப்பு நிற்கும் இடம். 2010-ல் திறந்த இப்போதைய லூனா பார்க்குக்கும் அதற்கும் பெயர் மட்டுமே பொது. அந்தப் பழைய லூனா பார்க்கில் மார்ட்டின் கூனி என்பவர், குறைமாதக் குழந்தைகளை இன்குபேட்டரில் வைத்து, பார்க்க வருகிறவர்களிடம் 25 சென்ட் வாங்கினார். மருத்துவமனைகளில் அந்த வசதி இல்லாத காலம். பெற்றோரிடம் ஒரு காசு வாங்காமல் நுழைவுக் கட்டணத்தைக் கொண்டே செவிலியர், பால், இயந்திரம் எல்லாம் நடத்தினார். 1943 வரை, ராட்டினங்களுக்கு நடுவே ஆயிரக்கணக்கான குழந்தைகள் இப்படிப் பிழைத்தன. கேளிக்கையும் கருணையும் ஒரே கல்லாவில் கணக்கான இடம் இது.

கடற்கரை இலவசம். மே கடைசி வாரத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் தாண்டி, காலை 10 முதல் மாலை 6 வரை உயிர்காப்பாளர்கள் இருப்பார்கள். அவர்கள் இல்லாத நேரத்தில் நீரில் இறங்கத் தடை. சிவப்புக் கொடி கட்டிய பகுதியிலும் அப்படியே. ஜூலையிலும் தண்ணீர் நம் ஊர்க் கடலைப்போல் வெதுவெதுப்பாக இருக்காது, முதல் ஐந்து நிமிடம் பல் கிடுகிடுக்கும். பெருமழை பெய்த மறுநாள் குளிக்க வேண்டாம்: நகரத்தின் மழைநீரும் சாக்கடையும் பல இடங்களில் ஒரே குழாயில் போவதால், வழிந்தது கடலில் கலக்கும். மதுவும் புகையும் மணலிலும் போர்ட்வாக்கிலும் தடை. கால் கழுவும் குழாய்களும் இலவசக் கழிப்பறைகளும் போர்ட்வாக் ஓரம் இருக்கின்றன. மாலையில் வரிசை நீளும், காகிதம் தீர்ந்திருக்கும். ஒரு பொட்டலம் கையோடு.

நேதன்ஸ் கடையைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். சர்ஃப், ஸ்டில்வெல் சந்திப்பில் 1916 முதல் இருக்கிறது. அந்த ஹாட் டாக் முழுக்க மாட்டிறைச்சி. சாப்பிடாதவர்களுக்கு அலைவெட்டு உருளை வறுவலும் வேகவைத்த சோளமும் உண்டு. வறுக்கும் எண்ணெய் இறைச்சிக்குப் பயன்படுத்தாததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஜூலை 4-ல் மட்டும் அந்தப் பக்கம் போகாதீர்கள். 10 நிமிடத்தில் யார் அதிக ஹாட் டாக் விழுங்குகிறார் என்ற போட்டி அன்றுதான், நிலைய வாசலே அடைபட்டுப்போகும். ஜோயி செஸ்ட்நட் 2021-ல் 76 தின்றார். தொலைக்காட்சியில் பார்ப்பதே உத்தமம்.

அந்த ஒரு நாளை இப்படிப் பிரிக்கலாம். 10 மணிக்கு பிரைட்டன் பீச், சிற்றுண்டி, நடை. ராட்டினங்கள் திறக்கும் நேரத்துக்கு அங்கே சேர்ந்துவிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில்தான் வரிசை குறைவு. உச்சி வெயிலில் குடை ராட்டினம், அல்லது மீன் காட்சியகம் (அதற்கு இணையத்தில் முன்பதிவு). மூன்று மணிக்குமேல் கடல். வெயில் தாழ்ந்தபின் ஒண்டர் வீல். கோடை வெள்ளிக்கிழமைகளில் இருட்டியதும் வாணவேடிக்கை உண்டு. ஜூலையில் இருட்டவே எட்டரை ஆகும் என்பதால் பெரியவர்களுக்கு அது நீண்ட நாளாகிவிடும். ஏப்ரல், மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் சவாரிகள் பெரும்பாலும் சனி ஞாயிறு மட்டும், அக்டோபருக்குப்பின் பெரும்பாலானவை மூடிவிடும்.

திரும்பும்போது நான்கு ரயில்களும் ஸ்டில்வெல்லிலேயே புறப்படுவதால், எவ்வளவு கூட்டமானாலும் ஒரு ரயில் பொறுத்தால் உட்கார இடம் கிடைக்கும். கூட்டத்துக்குப் பயந்து வெஸ்ட் எய்த் ஸ்ட்ரீட் நிலையத்துக்கு நடக்காதீர்கள். அங்கே வரும்போதே க்யூவும் எஃப்பும் நிறைந்திருக்கும், படிகளும் அதிகம். எந்த நடைமேடையில் எது முதலில் கிளம்பும் என்று பலகையில் போடுவார்கள். முதலில் கிளம்புகிறது என்பதற்காக எஃப்பில் ஏறிவிட வேண்டாம். டைம்ஸ் ஸ்கொயர் பக்கம் தங்கியிருந்தால் பின்னால் வரும் க்யூவே பல சமயம் முந்திவிடும். நள்ளிரவை நெருங்கினால் டி, என் இரண்டும் புரூக்ளினில் எல்லா நிலையங்களிலும் நின்று போகும், 'என்' (N) ரயில் மன்ஹாட்டன் பாலத்தை விட்டுவிட்டு லோயர் மன்ஹாட்டன் சுற்றி வரும். அப்போதும் க்யூதான்.